கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஓயாமல் ஒலித்த வார்த்தை என்ன தெரியுமா? "காது என்ன செவிடா?" என்பதுதான். அடுக்களையிலிருந்து நான் கத்துவேன். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னவன் தலையைக்கூடத் திருப்ப மாட்டான். டி.வி.யை மட்டும் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி வைத்துக்கொள்வான். 'திமிர், வேறென்ன!' என்று நினைத்துக்கொள்வேன். நிஜமாகவே குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது இந்த மரமண்டைக்குப் புரிய ஏழெட்டு மாதம் ஆயிற்று.

இது நடந்தது 2014-ல். அப்போது அவனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தான். மயிலாப்பூரில் சித்திரக்குளம் பக்கத்தில் குடியிருந்தோம். பள்ளிக்கூடத்தில் டீச்சர், "பையன் சாதுதான், ஆனா கவனமே இல்லை. எங்கேயோ பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்றார். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் பக்கத்தில் உட்காரவைத்து அதட்டலும் உருட்டலுமாகப் பாடம் நடத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொன்னதால் எல்லாவற்றையும் டக்டக்கென்று ஒப்பித்தான். அதுவும் என் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. வீட்டில் தெரிகிறது, பள்ளிக்கூடத்தில் தெரியவில்லை என்றால் கொழுப்புதானே?

மார்கழி மாசம் ஒரு நாள் வடக்கு மாட வீதியில் கோலமாவு வாங்கிக்கொண்டிருந்தேன். கையை உதறிக்கொண்டு தெருவுக்குள் ஓடிவிட்டான். பின்னாலேயே ஆட்டோ. ஹாரன் அடிக்கிறார், நான் அலறுகிறேன், பூக்காரம்மா கத்துகிறாள். அவன் பாட்டுக்குப் போகிறான்! ஆட்டோக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தோம். வந்த ஆத்திரத்தில் நடுத்தெருவிலேயே முதுகில் நாலு வைத்தேன். அழுதுகொண்டே, "நீ கூப்பிடவே இல்லையேம்மா" என்றான். பொய் வேறா என்று இன்னும் ஒன்று வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் பிடித்துக்கொண்டார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். காதில் மெஷின் வைத்திருந்தார். "ஏண்டி கொழந்தையைப் போட்டு அடிக்கறே? நீ கூப்பிட்டது அவனுக்குக் கேக்கலைடி! நான் நாலு நாளா பார்த்துண்டுதான் இருக்கேன். என்னை மாதிரியே வாயைப் பார்த்துண்டு நிக்கறான். என்னை மாதிரியே 'ஆங்? ஆங்?'கறான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரி அவன் விளையாடும்போது பின்னால் போய் நின்று, "முறுக்கு வேணுமாடா?" என்று மெதுவாகக் கேட்டேன். அசையவில்லை. முன்னால் வந்து அதே குரலில் கேட்டேன். "வேணும்மா!" என்று குதித்தான். அடித்த கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே தி.நகரில் காது மூக்குத் தொண்டை டாக்டரம்மா ஒருவரிடம் போனோம். காதைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "தூங்கும்போது வாயைத் திறந்துண்டு தூங்கறானா? குறட்டை விடறானா?" ஆமாம்! பெரியவர் மாதிரி குறட்டை விடுகிறான் என்று நாங்கள் சிரித்ததுண்டு. காதுக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்?

அவர் படம் போட்டு விளக்கினார். செவிப்பறைக்கு உள்ளே காற்று நிறைந்த சின்ன அறை ஒன்று இருக்கிறதாம். அதற்குப் பெயர் நடுச்செவி. அந்த அறைக்கு ஜன்னல் மாதிரி ஒரு குழாய், மூக்கின் பின்பக்கத்தில் போய்த் திறக்கிறது. 16-ம் நூற்றாண்டு இத்தாலிய வைத்தியர் யூஸ்டாச்சியின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழாய் என்கிறார்கள். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து காற்று போய்வரும். பெரியவர்களுக்கு அந்தக் குழாய் நீளமாகச் சரிவாக இருக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்டப் பாதி நீளம்தான். அதுவும் படுத்தாற்போல் இருக்கும். குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் உடனே காதுக்குப் போவது அதனால்தான்.

இது தவிர, மூக்கின் பின்னால், உள்நாக்குக்கு மேலே, அடினாய்டு என்று ஒரு சதை உண்டு. டான்சிலுக்கு உறவு. வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. சின்ன வயதில் பெருத்திருந்து, வயசுக்கு வரும் பருவத்தில் தானாகச் சுருங்கிவிடும். சில பிள்ளைகளுக்கு அளவு மீறி வளர்ந்து மூக்கையும் அடைக்கும், அந்தக் குழாயின் வாயையும் அடைக்கும். காற்று போகாத அறையில் நீர் கசிந்து தேங்கும். நாளாக ஆக அது கோந்து மாதிரி கெட்டியாகிவிடும். வலி கிடையாது, சீழ் கிடையாது, ஜுரமும் கிடையாது. அப்புறம் தாயார் எப்படிக் கண்டுபிடிப்பாள்? குழந்தைக்கோ, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு உலகத்தைக் கேட்பது போலத்தான். சளி ஜாஸ்தியானால் கொஞ்சமாகக் கேட்கும், குறைந்தால் நன்றாகக் கேட்கும். 'வேண்டும்போது கேட்கிறது, வேண்டாதபோது கேட்கவில்லை' என்று நாம் திட்டுகிறோமே, அதன் ரகசியம் இதுதான்!

இந்தச் சதையின் சேஷ்டையை 1868-ல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் மேயர் என்ற டாக்டர். காது மந்தம், மூக்கடைப்பு என்று வந்த ஓர் இளம் பெண்ணின் தொண்டைக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாராம். இப்போது பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்தாலே தெரிந்துவிடுகிறது.

அப்புறம் காதுப் பரிசோதனை. சத்தமே வராத ஒரு சின்ன அறையில் குழந்தையை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "பீப் கேட்டா ஒரு மணியை இந்த டப்பாவுக்குள்ளே போடணும்" என்றார்கள். விளையாட்டென்று நினைத்துச் சந்தோஷமாகப் போட்டான். கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பெண் பொத்தானை அழுத்துகிறாள், அழுத்துகிறாள்... அவன் மணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். இரண்டு காதிலும் 35 டெசிபல் என்று வந்தது. இருபதுக்குள் இருக்க வேண்டுமாம். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60, கிசுகிசுப்பது 30. அப்படியானால் கிசுகிசுப்பு அடியோடு இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு வரும் டீச்சரின் பேச்சில் பாதி இல்லை. காதில் ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தம் பார்க்கும் இன்னொரு சோதனையும் உண்டு. செவிப்பறை நன்றாக அசைந்தால் காகிதத்தில் மலை மாதிரி கோடு வரும். இவனுக்கு மேடே இல்லாமல் தரை மாதிரி வந்தது. உள்ளே நீர் கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

உடனே ஆபரேஷன் என்பார்கள் என்று நடுங்கினேன். டாக்டரம்மாவோ, "மூணு மாசம் பொறுத்துப் பார்ப்போம்" என்றார். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த நீர் அதற்குள் தானே வடிந்துவிடுமாம். சளி டானிக்கும் ஆன்டிபயாடிக்கும் இதற்குப் பிரயோஜனமில்லையாம். "மருந்தே எழுதலையே, இவங்க என்ன டாக்டர்?" என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே குறை. ஆனால் செய்ய வேண்டியது நிறைய இருந்தது. டீச்சரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி முன் பெஞ்சுக்கு மாற்றினோம். பேசும்போது டி.வி.யை அணைத்தோம். தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராகப் பேசினோம். வீட்டுக்குள் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். என் மைத்துனர் மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தார். ஒரே மாதத்தில் "இப்ப பையன் ரொம்ப சமர்த்து" என்றார் அதே டீச்சர்!

மூன்று மாதம் கழித்தும் கோடு தரையாகவே இருந்ததால் ஆபரேஷன் செய்தார்கள். மயக்கம் கொடுத்து, வாய் வழியாகவே அடினாய்டை எடுத்தார்கள். வெளியே தையல், தழும்பு ஒன்றும் கிடையாது. செவிப்பறையில் மெல்லிய கீறல் போட்டு, தேங்கின நீரை உறிஞ்சிவிட்டு, கிராமெட் என்ற குட்டிக் குழாயைச் செருகினார்கள். 1954-ல் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க டாக்டர் இந்தக் குழாய் முறையை எழுதி வைத்தாராம். அடைபட்ட ஜன்னலுக்குப் பதிலாக இது ஒரு தாற்காலிக ஜன்னல். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். வந்தவன் கூடத்தில் நின்று மேலே பார்த்து, "அம்மா, ஃபேன் ஏன் கத்தறது?" என்றான். குக்கர் விசில் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டான். நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

இந்த விஷயத்தில் நான் செய்த இன்னொரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரியவனுக்குச் சின்ன வயதில் காதுவலி வந்தபோதெல்லாம் நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி விடுவேன். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் போய்க் கெடுதல் செய்யும் என்று டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். குழந்தையைக் குளிப்பாட்ட வரும் பாட்டிகள் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு வாயால் ஊதுவார்களே, அதுவும் கூடாது. பெருமூச்சு விட்டேன், என் மாமியார் பக்கத்தில் இல்லை! ஹேர்பின், பட்ஸ் எல்லாம் குறும்பியை இன்னும் உள்ளே தள்ளத்தான் உதவும். காதில் அடிக்கடி சீழ் வந்து நாற்றம் அடித்தால் சொட்டு மருந்தோடு காலம் தள்ளக் கூடாது. சில வகைச் சீழ் எலும்பையே அரிக்கும்.

குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால் சளி என்று நினைக்காதீர்கள். மணியோ, புளியங்கொட்டையோ, ஸ்பாஞ்சுத் துண்டோ உள்ளே இருக்கும். நாமே குடைந்தால் இன்னும் உள்ளே போகும். பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரியாக இருந்தால் ராத்திரி, விடியட்டும் என்றெல்லாம் பார்க்காமல் ஓடவேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிப்பது நம் வழக்கம். அது தப்பு, ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்பக்கம் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பாகத்தைப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

என் பிள்ளைக்கு வந்தது சரியாகிவிடுகிற கோளாறு. பிறவியிலேயே கேட்காத குழந்தைகள் கதை வேறு. மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கட்டுகிற குடும்பங்களில் அப்படிப் பிறக்க வாய்ப்பு ஜாஸ்தி. பிறந்த குழந்தை தூங்கும்போதே காதில் சின்ன முனையை வைத்துச் சில நிமிஷத்தில் சோதித்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் செய்துகொள்வது நல்லது. கேட்கவில்லை என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே இறங்க வேண்டும். மூளை பேச்சைக் கற்கிற வயது போனால் வராது. அடையாறு சாஸ்திரி நகரில் இருக்கும் பால வித்யாலயா 1969-லிருந்து இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே பேசக் கற்றுத் தருகிறது. தாயாரும் கூடவே உட்கார்ந்து கற்க வேண்டும், கட்டணம் கிடையாது. மெஷினாலும் பயனில்லாத பிள்ளைகளுக்கு உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தும் ஆபரேஷன், ஆறு வயதுக்குள் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே நடக்கிறது. லட்சக்கணக்கில் செலவாகும் விஷயம் அது. வருமான வரம்பு உண்டு. அரசு ஆஸ்பத்திரி காது மூக்குத் தொண்டைப் பிரிவில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

எங்கள் கதையை முடித்துவிடுகிறேன். குழாய் இருக்கும் வரை சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதை அடைத்துத்தான் தலைக்கு விட்டேன். பத்தாவது மாதம் ஒரு நாள் தலையணையில் கடுகளவு ஏதோ கிடந்தது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இத்தனூண்டா? இதுக்கா கொழந்தை அடி வாங்கினான்?" என்றார். மறுசோதனையில் காகிதத்தில் மலை வந்தது.

இப்போது அவன் பிளஸ் ஒன். கூப்பிட்டால் மறுபடியும் திரும்புவதில்லை. பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினால், காதில் இயர்போன்!