சேலைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை

மார்கழியில் காலை ஆறரை மணிக்கு உத்திரமேரூர் ஏரிக்குக் கீழ்ப்பக்கம் நவரை நடவுக்கு இறங்கும் பெண்களைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். வெளுத்துப்போன நூல்சேலை. அதற்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை. தலையில் ஒரு துண்டு. பனி விலகும்வரை அந்தத் துண்டு காதையும் சேர்த்துத் தலையை மூடியிருக்கும். வெயில் ஏறினால் முண்டாசாக மாறும். நாற்றுக்கட்டு தூக்கும்போது சும்மாடு. கஞ்சி குடித்தபின் கை துடைக்க அதுதான், வேப்பமரத்தடியில் தலைக்கு வைத்துப் படுக்கவும் அதுதான். திடீரென்று மழை இறங்கினால் வரப்பில் கிடக்கும் யூரியாச் சாக்கின் ஒரு மூலையை மறுமூலைக்குள் செருகிக் கொங்காணி போட்டுக்கொள்வார்கள். குனிந்த முதுகு நிமிராமல் வேலை நடக்கும். பனி, வெயில், மழை, மறுபடி புழுக்கம். இத்தனைக்கும் வீட்டிலிருந்து உடுத்தி வந்தது மூன்று துணி.

வானிலை மாறும் இடங்களுக்குப் பயணம் போகிறவர்கள் என்ன துணி எடுத்துக்கொள்ளலாம் என்று பயணச் சிறப்பிதழுக்கு எழுதச் சொன்னார்கள். மலையேறும் நண்பர்களைக் கேட்டேன். கடைகளில் ஏறி இறங்கினேன். கிடைத்ததில் முக்கால்வாசி விலைப்பட்டியல். கழனிப் பெண்கள் உடுத்தும் முறைக்கு ஈடாக ஒன்றையும் யாரும் சொல்லவில்லை. நான் பிறந்து வளர்ந்ததும் இந்தப் பக்கம்தான் என்பதால், அதையே எழுதுகிறேன்.

போன மார்கழியில் அண்ணன் மகளும் நானும் இரண்டு நாள் சைக்கிளில் சுற்றி வரக் கிளம்பினோம். முதல் நாள் உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல், மறுநாள் வேடந்தாங்கல். அவள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். வந்து இறங்கியவுடன் பையைத் திறந்து காட்டினாள். ஜீன்ஸ் இரண்டு, டி-ஷர்ட் ஐந்து, தலைமூடி வைத்த கனத்த ஸ்வெட்டர், டர்க்கி டவல், ராத்திரிக்குப் போட்டுக்கொள்ள இரண்டு செட். பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்தார்.

“இம்மாம் துணி எதுக்குக் கண்ணு? ரெண்டு நாளுதானே?”

“மழையில நனைஞ்சா மாத்திக்கணுமே ஆயா.”

“நனைஞ்சதையும் நீதானே தூக்கினு வரணும்?”

மாற்றுத்துணி எத்தனை இருந்தாலும் ஈரத்துணியின் சுமை எங்கும் போய்விடாது, அதிகமாகத்தான் ஆகும். ஆயா சொன்ன பிறகு சமையலறைத் தராசை எடுத்து வைத்தோம். டர்க்கி டவல் 400 கிராமைத் தாண்டியது. என் அம்மா விட்டுப்போன ஈரிழைத் துண்டு 100 கிராமுக்குச் சற்று மேல். ஒரு ஜீன்ஸ் 600 கிராமுக்கு மேல். தண்ணீரில் முக்கிப் பிழிந்து வைத்தபோது முள் ஒரு கிலோவைத் தாண்டி நின்றது. ஜீன்ஸும் பருத்திதான், கவனியுங்கள். பருத்தி என்பதால் மட்டும் ஒரு துணி பயணத்துக்கு உதவாது. எவ்வளவு மெல்லிசாக, எவ்வளவு இடைவெளி விட்டு நெய்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

காற்றிலிருக்கும் ஈரத்தில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீதம் வரை வாங்கி வைத்துக்கொள்ளும். கம்பளி 16 சதவீதத்தை ஒட்டி வாங்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. நம் பக்கத்துப் புழுக்கத்தில் தளர்வான பருத்தித்துணி வேர்வையை உடம்பிலிருந்து உறிஞ்சிக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும், அந்த ஆவியாதலில் உடம்பு குளிரும். பாலியஸ்டர் சட்டை சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் சாயங்காலத்துக்குள் அதில் ஏறும் வாடை இரண்டாவது நாள் அதை மறுபடி உடுத்த விடாது; அப்போது அதற்கு இன்னொன்று எடுத்து வைக்க வேண்டியிருக்கும். பனிமலைக்குப் போகிறவர்கள் பருத்தியைத் தொடக்கூடாது என்கிறார்கள், அங்கே அது சரிதான். உத்திரமேரூரில் மார்கழிக் காலையில்கூடக் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், மதியம் 30 டிகிரிக்கு ஏறிவிடும்.

அந்த முழுக்கைச் சட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையா என்று பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டை செய்கிற வேலையைப் பாருங்கள். ஒரு தடித்த துணியைவிட இரண்டு மெல்லிய துணிகள் குளிரை நன்றாகத் தாங்கும், ஏனென்றால் இரண்டுக்கும் நடுவில் காற்று தங்குகிறது. வெயில் வந்தால் பொத்தானைக் கழற்றிவிட்டால் போதும், சட்டை கைக்கு நிழலாகிவிடும். நெல்தாளின் சுணை, கரும்புச் சோகையின் கீறல், அந்தி நேரத்துக் கொசு, எல்லாவற்றுக்கும் அதே கை. வெளியூர்க் கடைகளில் ‘லேயரிங்’ என்று சொல்லி விற்கும் முறையை எங்கள் கழனியில் தலைமுறையாக உடுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பையைத் திரும்பக் கட்டினோம். உடம்பில் ஒரு செட், பையில் ஒரு செட். தளர்வான பருத்திப் பேண்ட், குர்தா. அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்று. துண்டு ஆளுக்கு இரண்டு. உள்ளாடை மட்டும் ஒன்று கூடுதல். அண்ணனின் லுங்கி ஒன்றும் வைத்தேன்: ராத்திரி போர்வை, பகலில் விரிப்பு, ஒதுங்க இடமில்லாத ஊரில் கழுத்தளவு மூடி உடைமாற்ற மறைப்பு. ஆற்றில் குளிக்கும் பெண்கள் பாவாடையை மார்பளவு ஏற்றிக் கட்டிக்கொண்டு ஈரத்தை அவிழ்க்கும் லாவகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தரவேண்டிய வித்தை அல்ல. என் அண்ணன் மகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. மழைக்கு ஆளுக்கொரு மெல்லிய மழைக்கோட்டு. பைக்குள் முதலில் ஒரு தடித்த பாலிதீன் கவரை விரித்து, அதற்குள் துணி. மொத்தப் பையும் மூன்று கிலோவைத் தாண்டவில்லை.

முதல் நாள் உத்திரமேரூர் ஏரிக்கரை வழியாகக் கிளம்பினோம். வயிரமேகத் தடாகம் என்று பல்லவர் காலத்தில் பெயர் பெற்ற ஏரி அது. கரைமேல் சைக்கிளில் போகும்போது தெற்கே வானம் கறுத்தது. இடி கேட்டால் ஏரிக்கரையை விட்டு உடனே கீழே இறங்கிவிட வேண்டும், பனைமரத்தடியில் நிற்கக் கூடாது. எந்தத் துணியும் மின்னலுக்கு உதவாது. அன்றைக்கு இடி இல்லை, மழை மட்டும்தான். திருமுக்கூடல் சேர்வதற்குள் நன்றாகவே நனைந்துவிட்டோம். கழுத்துவழியாக இறங்கிய தண்ணீருக்கு மழைக்கோட்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். ஆற்றைக் கடந்து வரும் காற்றுக்குத் தடையே இல்லை, ஈரத்துணியில் நின்றால் பல் கிட்டிப்போகும். வீரராஜேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கைகளோடு ஆதுலர் சாலை என்ற மருத்துவமனை நடந்ததைச் சொல்லும் கல்வெட்டு இருக்கும் கோயில் ஒன்று அங்கே உண்டு. அதில் ஒதுங்கி, உடை மாற்றிக்கொண்டு, நனைந்த குர்தாவைக் காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினோம். வெறும் கையால் பிழிவதைவிட இதில் அதிகத் தண்ணீர் வெளியே வரும். பிறகு குர்தாவை சைக்கிள் கேரியரில் விரித்துக் கட்டினோம். மழை விட்டு வெயில் வந்தது. ஊர் திரும்புவதற்குள் குர்தா காய்ந்துவிட்டது. துண்டு அதற்கும் முன்பே காய்ந்து என் தலைக்கு வந்துவிட்டது.

வேடந்தாங்கலில் வேறொரு பாடம். 1798-லேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று அன்றைய ஆட்சியரிடம் எழுதி வாங்கிய ஊர் மக்கள் காத்த ஏரி. 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டும் இடத்துக்குப் பளபளக்கும் மஞ்சள் மழைக்கோட்டோடு போகாதீர்கள். வெளுத்த பச்சை, காக்கி, மண் நிறம் போதும். நடவுப் பெண்ணின் பழைய சட்டைக்குச் சாயம் போய் வந்த நிறமும் அதுதான்.

இதையெல்லாம் எழுதும்போது என் மனம் திரும்பத் திரும்பத் துண்டிலேயே போய் நிற்கிறது. இந்தப் பயணம் முழுவதும் எங்களைக் காப்பாற்றிய துணி அது. அது இப்போது கிடைப்பதில்லை.

எங்கள் வட்டாரத் தறிகள் பட்டுக்கானவை. ஈரிழைத் துண்டும் குற்றாலத் துண்டும் ஈரோடு, சேலம் பக்கமிருந்து வந்தவை. 1985-ல் கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கிச் சட்டம் வந்தது. முதலில் 22 வகை, பிறகு அது 11 ஆகக் குறைந்தது. அந்த 11-ல் வேட்டி, லுங்கியோடு துண்டும் இன்றுவரை இருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது, கடையில் இல்லை. துண்டு கேட்டால் எடுத்துப் போடுவது பாலியஸ்டர் கலந்த, கரை மட்டும் கைத்தறி மாதிரி அச்சான துணி. தலையில் கட்டினால் வழுக்குகிறது. வேர்வையைத் துடைத்தால் இங்கிருந்து அங்கே தள்ளுகிறது. நடவுப் பெண்கள் தலையிலும் இப்போது அதுதான் ஏறிக்கொண்டிருக்கிறது. மதிய வெயிலில் தலை கொதிக்கிறது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சுற்றுலா போகிற நமக்கு இரண்டு நாள் அசௌகரியம், அவ்வளவுதான். அவர்களுக்கு அது அன்றாடம் எட்டு மணி நேரம். விலை குறைவாகக் கிடைக்கும்போது வாங்கத்தானே செய்வார்கள் என்று வியாபாரிகள் சொல்கிறார்கள். 100 கிராம் நூலில் நெய்கிறவருக்குக் கூலி கட்டுபடியாகாமல் தறி நின்றுபோனால், பிறகு எந்த விலை கொடுத்தாலும் அந்தத் துண்டு வராது.

வாங்கும்போது ஓர இழை ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருந்தால் பாருங்கள். புதுத் துண்டு கஞ்சியோடு இருக்கும், உடனே தண்ணீரை உறிஞ்சாது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, இரண்டு தரம் அலசி, பிறகு பயணத்துக்கு எடுங்கள்.

வேடந்தாங்கலிலிருந்து திரும்பிய அன்று கடைத்தெருவில் ஐந்து கடை ஏறினோம். நான்கில் இல்லை. ஐந்தாவது கடைக்காரர் ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து பழுத்துப்போன காகிதக் கட்டு ஒன்றை இறக்கினார். உள்ளே மூன்று துண்டுகள். இழையைக் கொளுத்தினோம், சாம்பல்தான். ஒன்று ஆயாவுக்கு, ஒன்று அண்ணன் மகளுக்கு, ஒன்று நடவுக்குப் போகும் எதிர்வீட்டு அக்காவுக்கு. “இதுக்கப்புறம் வரலம்மா, நெய்யறவங்க விட்டுட்டாங்க” என்றார் கடைக்காரர்.

விடாமல் நெய்கிறவர் யாராவது இதைப் படித்தால் இதழ் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். 30 அங்குல அகலம், 60 அங்குல நீளம், மெல்லிய ஈரிழை, கரை எந்த நிறமானாலும் சரி. எங்கள் தெரு நடவு ஆட்களுக்கு மட்டும் நாற்பது துண்டு வேண்டும்.