தளம் மாறும் நிரல்

தொலைவிலுள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உலகெங்கும் பயன்படும் கட்டற்ற மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எச். 1999இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக உருவானது. இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஓடுகிறது. மூலநிரல்தான் கையில் இருக்கிறதே, கம்பைல் செய்தால் போதாதா? போதாது. கோப்பைத் திற, நினைவகம் கொடு, கடவுச்சொல்லைச் சரிபார் என்று எந்த நிரலும் இயங்குதளத்தை ஏவிக்கொண்டேதான் இருக்கும். தளம் மாறினால் ஏவலுக்குக் கிடைக்கும் பதிலும் மாறும்.

அதனால் இங்கே வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு குழு ஓப்பன்பிஎஸ்டிக்கு மட்டும் எழுதுகிறது. இன்னொன்று பிற தளங்களுக்கு ஏற்றபடி அதைப் போர்ட் செய்கிறது. 9.8பி1 என்ற பதிப்பு எண்ணில் வரும் ‘பி’ இரண்டாம் குழுவின் முத்திரை.

கம்பைலுக்கு முன் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்ட் ஓடும். குட்டிக் குட்டிச் சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து பார்த்து, இந்தக் கணினியில் எந்த வசதி உண்டு, எது இல்லை என்று வரிவரியாகத் திரையில் சொல்லும். சரத்தை அளவு மீறாமல் நகலெடுக்கும் ‘ஸ்டர்எல்காப்பி’ ஓப்பன்பிஎஸ்டியில் 1998இலேயே வந்துவிட்டது. லினக்ஸில் பரவலான ஜிலிப்சி நூலகத்தில் 2023இல்தான் சேர்ந்தது. இப்படி இல்லாதவற்றுக்கு மாற்றுப் பிரதியைத் தொகுப்பே உடன் கொண்டுவருகிறது.

விண்டோஸில் சிக்கல் பெரிது. யூனிக்ஸ் வகைத் தளங்களில் ஒரு நிரல் ‘ஃபோர்க்’ மூலம் தன்னையே இரண்டாக்கிக்கொள்ளும். விண்டோஸ் நிரல்களுக்கு அந்த வசதி கிடையாது. புதிய ப்ராசஸை முதலிலிருந்து துவக்கி, வேண்டிய விவரங்களைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

இல்லாத வசதியாவது கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும். அதே பெயரில் இருந்துகொண்டு வேறு விதமாக நடப்பதுதான் ஆபத்து. குறித்த நேரத்துக்குள் ஒருவர் லாகின் செய்யாவிட்டால், நடந்துகொண்டிருக்கும் வேலையை இடைமறித்து ஓப்பன்எஸ்எஸ்எச் லாகில் குறிப்பு எழுதிவந்தது. ஓப்பன்பிஎஸ்டியில் அதற்கென்றே பாதுகாப்பான வழி உண்டு. ஜிலிப்சியிலோ குறிப்பெழுதும் சார்பு நினைவகம் கேட்கும். நினைவக ஒதுக்கீடு பாதியில் நிற்கும்போது மறுபடி கேட்டால் கணக்கு குழம்பும். இதை வைத்து வெளியாள் ரூட் அதிகாரத்தையே பிடிக்கலாம் என்று 2024 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் காட்டியது. ஓப்பன்பிஎஸ்டிக்குப் பாதிப்பில்லை.

இத்தனைக்கும் 2006இல் வெளிப்பட்ட ஒரு பிழையை அடுத்து, மற்ற தளங்களுக்கென ஒரு தடுப்பு வரி சேர்க்கப்பட்டிருந்தது. 2020இல் லாக் எழுதும் பகுதியைச் சீரமைத்தபோது அது தவறுதலாக விடுபட்டது. கம்பைலர் மூச்சுவிடவில்லை, இலக்கணப்படி அதில் பிழையே இல்லை.