பென்ஷன் பணத்துக்கு யார் காவல்? கலிஃபோர்னியாவின் 13 பேர் குழு!

சம்பளத்தில் வருடக்கணக்கில் பிடித்த பணம், ஓய்வு பெறும்போது பத்திரமாக இருக்குமா? அரசு ஊழியர் வீடுகளில் எப்போதும் இருக்கும் கவலை இது. அமெரிக்காவின் மிகப்பெரிய அரசு ஊழியர் பென்ஷன் நிதி, கலிஃபோர்னியாவின் ‘கால்பெர்ஸ்’. அதை 13 பேர் கொண்ட குழு நிர்வகிக்கிறது.

இவர்களில் 6 பேரை ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் ஓர் இடம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. பதவிக்காலம் 4 ஆண்டுகள்.

3 பேர் நியமன உறுப்பினர்கள். இருவரை ஆளுநரும், பொதுமக்கள் பிரதிநிதி ஒருவரைச் சட்டமன்றத் தரப்பும் நியமிக்கிறார்கள்.

மீதி 4 பேர், மாநிலப் பொருளாளர், கன்ட்ரோலர் என வகிக்கும் பொறுப்பால் இடம்பெறுபவர்கள்.

பெரும்பான்மைக்கு 7 ஓட்டு வேண்டும். ஊழியர் தரப்பிடம் 6 தான். ஆளுநர் நியமித்த இருவராலும் தனியாக எதையும் சாதிக்க முடியாது.

1991-ல் பட்ஜெட்டில் துண்டு விழ, பென்ஷன் நிதியில் இருந்த பணத்தைக் காட்டித் தான் கட்டவேண்டிய பங்கை மாநில அரசு குறைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே மக்கள் வாக்கெடுப்பில் 162-வது முன்மொழிவு ஜெயித்தது. நிதியின் மீது முழு அதிகாரம் குழுவுக்கே என மாநில அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டது. இன்று குழு உறுப்பினர்களின் எண்ணிக்கையையோ, தேர்வு முறையையோ சட்டமன்றம் மாற்ற நினைத்தாலும், வாக்காளர்கள் சம்மதிக்க வேண்டும்!