லாரியின் கிளச்சுத் தேய்வும் கியர் மாற்றும் முறையும்

கடற்கரையிலுள்ள சென்னையிலிருந்து பெங்களூருவுக்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரி சுமார் 900 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். மேட்டை அடைந்தபின் நகரின் நெரிசல் தொடங்குகிறது. இவ்விரண்டினுள் கிளச்சை அதிகம் கெடுப்பது எது என வினவினால் பலர் ஏற்றத்தையே கூறுவர். உண்மையில், நின்று நின்று புறப்படவேண்டிய நெரிசலே கொடியது.

கிளச்சுத் தட்டு, எஞ்சினோடு சுழலும் சக்கரத்துக்கும் அழுத்துத் தட்டுக்கும் இடையே இறுகியிருக்கும்வரை வழுக்குவதில்லை, வழுக்காவிடில் தேய்வுமில்லை. நின்ற வண்டி புறப்படும்போதோ எஞ்சின் சுழல்கிறது, தட்டு நிற்கிறது. இரண்டின் வேகமும் ஒன்றாகும்வரை உராய்வினால் வெப்பம் உண்டாகிறது. சமதரையில், எஞ்சின் வேகம் மாறாதிருப்பின், இவ்வெப்பம் கிளச்சு இறுகும் கணத்தில் வண்டி பெற்றுள்ள இயக்க ஆற்றலுக்குச் சமமாகும். 16 டன் லாரியொன்று முதற் கியரில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்திலும், இரண்டாவதில் 9 கிலோமீட்டர் வேகத்திலும் அக்கணத்தை அடைவதாகக் கொள்வோம். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இரண்டாம் கியரில் புறப்படுவோர் மும்மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைத் தட்டின்மேல் சுமத்துகின்றனர். ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கும் இது நல்லதொரு கணக்கு.

ஹெப்பால் போன்ற மேம்பாலச் சரிவில் கைபிரேக்கை நாடாது, அரைக் கிளச்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பது இன்னும் கேடு. வண்டி ஓரடியும் நகர்வதில்லை. எஞ்சின் தரும் சக்தி கிளச்சிலேயே வெப்பமாகித் தட்டைக் கருக்குகிறது.

கியர் மாற்றுகையில் எழும் கரகரப்பைக் கிளச்சின் குறை என்று கருதுவோர் உளர். அங்கே பெரும்பாலும் தேய்வது கியர்ப் பெட்டியின் பற்களே. வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பில்லாத பழைய பெட்டிகளில், கீழ்க் கியருக்கு வருகையில் கிளச்சை அழுத்தி நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டுச் சிறிது ஆக்சிலேட்டர் கொடுத்து, மீண்டும் அழுத்திக் கியரைச் சேர்த்தல் வேண்டும். இம்முறையில் பற்கள் காக்கப்படுவதோடு, எஞ்சின் வேகத்தை உயர்த்தும் பாரமும் கிளச்சின்மேல் விழுவதில்லை.

பெடலில் ஓரளவு தளர்வு இருத்தல் அவசியம். தட்டு தேயத் தேய அது குறையும். முற்றும் அற்றுப்போனால், கால் வைக்காமலே கிளச்சு வழுக்கத் தொடங்கும். ஏற்றத்தில் எஞ்சின் ஓசை உயர்ந்தும் வண்டி வேகம் பெறாதிருப்பது அதன் அடையாளம். கருகிய நாற்றம் எழும்வரை காத்திருத்தல் ஆகாது. பழைய தட்டுகளின் மேற்படலத்தில் கல்நார் இருக்கலாம். அதன் தூள் நுரையீரலைக் கெடுப்பதால், பிரித்தபின் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.