கெடுப்பதற்கும் ஒரு பாத்தியதையா?

வேலூர்ப் பக்கத்தில் எழுதப்படும் கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். நஞ்சை இத்தனை ஏக்கர், புஞ்சை இத்தனை சென்ட் என்று நான்கெல்லை சொன்னதோடு அது முடிந்துவிடுவதில்லை. கிணற்றில் நாலில் ஒரு பாகம், அதில் முறைப்படி இறைத்துக்கொள்ளும் பாத்தியம், அண்டை நிலத்தின் வழியாகக் கால்வாய் பாய்ச்சும் பாத்தியம், ஆளும் மாடும் வண்டியும் போய்வரும் வழிநடைப் பாத்தியம் என்று ஒரு வரிசை பின்தொடரும். நம் குடியானவன் விலை கொடுத்து வாங்குவது வெறும் மண்ணை அன்று. அம்மண்ணுக்கு உயிரூட்டும் உரிமைகளையும் சேர்த்தே வாங்குகிறான். பத்திரத்தில் கிணறு இருந்து, கிணற்றில் தண்ணீர் இருந்து, அத்தண்ணீர் பயிருக்கும் வாய்க்கும் உதவாமற் போனால் அவன் வாங்கியது யாது? பாலாற்றங்கரையில் ஆம்பூரும் வாணியம்பாடியும் பேர்ணாம்பட்டும் இராணிப்பேட்டையும் இக்கேள்வியைப் பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அண்டை நிலத்தின்மீது ஒருவனுக்குள்ள இவ்வகை உரிமைகளை வரையறுப்பது 1882-ம் வருஷத்து 5-வது ஆக்ட். வக்கீல்கள் இதனை ஈஸ்மெண்ட் சட்டம் என்பார்கள். விட்லி ஸ்டோக்ஸ் என்னும் நிபுணர் வகுத்த இச்சட்டம் முதன்முதலில் அமலுக்கு வந்த மாகாணங்களுள் சென்னையும் ஒன்று. அதன் தத்துவம் எளிது. ஒரு நிலம் நன்மை பெறுகிறது. மற்றொரு நிலம் அதன்பொருட்டு ஒரு பாரம் சுமக்கிறது. நிலம் கைமாறினாலும் அந்த நன்மையும் பாரமும் நிலத்தை விட்டு நீங்குவதில்லை. பாரம் பத்திரத்தால் ஏற்படலாம், வழக்கத்தால் ஏற்படலாம், இருபது வருஷம் சமாதானமாகவும் பகிரங்கமாகவும் தடையின்றியும் உரிமை கொண்டாடி அனுபவித்ததாலும் ஏற்படலாம். இந்த மூன்றாவது வழியே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயத்துக்கு மூலம்.

பாலாறு கர்நாடகத்து நந்திமலைப் பக்கம் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் செங்கற்பட்டுச் சீமையில் கடலோடு கலக்கிறது. வருஷத்தின் பெரும்பகுதியில் பார்ப்பவன் கண்ணுக்கு அது மணலாறு. ஆனால் அம்மணலின் கீழே நீர் ஓடுகிறது. ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால் வெட்டியும், கரையில் கிணறு தோண்டியும் அந்த மறைநீரைக் கொண்டே இப்பகுதியார் வாழ்ந்து வந்தனர். ஆகவே மணலில் ஊறுவது எதுவோ அதுவே இங்கே ஜனங்களின் குடிநீர்.

தோல் தொழில் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலைச் சீமைக்கு அனுப்பிப் பேர்பெற்ற ஊர்கள் இவை. 1970-களில் பதனிடாத தோலும் அரைப்பதத் தோலும் வெளிநாடு செல்வதை இந்திய சர்க்கார் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலும் பாதரட்சையும் செய்து அனுப்பும்படி ஊக்கினர். அந்நியச் செலாவணி வந்தது; திரளான குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. பட்டை இருந்த இடத்தைக் குரோமிய உப்பும் வந்து பிடித்துக்கொண்டது. ஒரு கிலோ தோல் முடிவுபெற ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் கண்ட கணக்கு. தோல் கெடாதபடி தூவிய உப்பும், மயிர் களைந்த சுண்ணாம்பும், குரோமியமும் கலந்த அந்நீர் வெகுகாலம் ஓடையிலும் வெளியிலும் விடப்பட்டது. மணல் அதைக் குடித்தது. கிணறு அதைத் திருப்பிக் கொடுத்தது. தோல் பதனிடும் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் பாதியாகவோ முழுதுமாகவோ பயனற்றுப் போயிற்று என்று தமிழ்நாடு விவசாயப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் மதிப்பிட்டது.

இங்கே ஒரு வாதம் எழும். "பாட்டன் காலந்தொட்டு இத்தொழில் நடக்கிறது; கழிவுநீர் அன்றும் இவ்வழியேதான் ஓடிற்று; நெடுங்கால அனுபோகம் உரிமையாகாதா?" என்பதே அது. இதைப் பிதற்றல் என்று தள்ளிவிட முடியாது. தண்ணீரைக் கெடுக்கும் பாத்தியதை என்று ஒன்று உண்டு என்பதை 1882-ம் வருஷத்துச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. நேயர்கள் திடுக்கிடலாம், ஆயினும் உண்மை அதுவே. ஆனால் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

முதலாவது, தன் நிலத்தின் வழியே ஓடும் நீரும் அதனூடே ஊறும் நீரும் பிறரால் நியாயமற்ற அளவில் அசுத்தப்படுத்தப்படலாகாது என்பது நிலமுடைய ஒவ்வொருவனுக்கும் இயற்கையான உரிமை என்று 7-வது பிரிவு உதாரணம் காட்டிச் சொல்கிறது. இதற்குப் பத்திரம் வேண்டியதில்லை, சாட்சி வேண்டியதில்லை, நிலம் இருந்தாற் போதும். இரண்டாவது, கெடுக்கும் பாத்தியதைக்குரிய இருபது வருஷம் ஆலை தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. கெடுதல் அண்டை நிலத்தில் புலப்படத் தொடங்கிய நாளிலிருந்தே எண்ணப்படும். மூன்றாவது, பாத்தியதை ஏற்பட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அனுபோகம் ஆரம்பித்த காலத்தில் எவ்வளவு கெடுத்தானோ அவ்வளவே அதன் எல்லை என்று 28-வது பிரிவு வரம்பு கட்டுகிறது. பாட்டன் ஆவாரம்பட்டைச் சாற்றை ஓடவிட்டதைக் காட்டிப் பேரன் குரோமியத்தை ஓடவிட முடியாது. நான்காவது, பாரம் சுமக்கும் சொத்தை அடியோடு அழிக்கக்கூடிய உரிமை எத்தனை வருஷத்து அனுபோகத்தாலும் பிறவாது என்று 17-வது பிரிவு முடிவாகக் கூறுகிறது. விளைநிலம் களர்நிலமாவதைவிட வேறு அழிவு யாது? இவையெல்லாம் இருக்க, 1974-ம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஓடையிலும் கிணற்றிலும் நச்சுக் கழிவைச் சேர்ப்பதையே குற்றமாக்கிவிட்டது. ஊர் முழுவதற்கும் தீங்கு செய்யும் பொதுத் தொல்லை எக்காலத்திலும் எவனுக்கும் பாத்தியதையாக முதிராது என்பதும் பழைய விதி.

நிலத்தடி நீருக்கு வரையறுத்த கால்வாய் கிடையாதே, அது ஒருவனுக்கும் சொந்தமன்றே என்று மேலும் ஒரு வாதம் செய்யலாம். 1885-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒருவர் தம் கிணற்றில் சாக்கடையை விட, அது பூமிக்குள் ஊறி அயலாருடைய மதுவடிசாலைக் கிணற்றைக் கெடுத்தது. மேல் கோர்ட்டார், நிலத்தடி நீர் எவருக்கும் சொந்தமன்று. ஆதலாலேயே அதைக் கெடுக்கவும் எவருக்கும் உரிமையில்லை என்று தீர்த்தனர். அதே இங்கிலாந்தில் 1993-ல், ஸாஸ்டன் என்னும் ஊரின் தோல் ஆலையிலிருந்து சிந்திய ரசாயனம் ஒரு மைலுக்கு அப்பாலுள்ள தண்ணீர்க் கம்பெனியின் ஆழ்கிணற்றைக் கெடுத்த வழக்கில், இத்தகைய தீங்கு விளையும் என்று அக்காலத்தில் முன்னறிந்திருக்க முடியாது என்று சொல்லிப் பிரபுக்கள் சபை ஆலையை விடுவித்தது. பாலாற்றங்கரையில் அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. இங்கே கெடுதல் நாவுக்கு உப்பாகவும் கண்ணுக்கு நிறமாகவும் தெரிந்தது.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்க, நீதி ஏன் கிட்டவில்லை? ஈஸ்மெண்ட் சட்டம் ஒரு நிலத்துக்கும் மற்றொரு நிலத்துக்கும் உள்ள வழக்கைத் தீர்க்க வகுத்தது. ஒரு குடியானவன் முன்சீப் கோர்ட்டு ஏறி, நூற்றுக்கணக்கான ஆலைகளுள் எந்த ஆலையின் எந்தக் குழாய் தன் கிணற்றைக் கெடுத்தது என்று ருசுப்படுத்தவேண்டும். ஸ்டாம்பும் வக்கீல் பீஸும் கமிஷன் செலவும் அவன் கிணற்றின் விலையையே விழுங்கிவிடும். உரிமை ஏட்டில் இருந்தது, வழி அடைபட்டிருந்தது.

அவ்வழியைத் திறந்தது 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டில் செய்துகொண்ட மனு. 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் முதலிய மூவர் அளித்த தீர்ப்பு இன்று உலகெங்கும் சட்ட மாணவர் படிக்கும் தீர்ப்பாகும். ஓடையின் மேற்புறத்தில் சுண்ணாம்புக் குழி வைத்துக் கீழ்ப்புறத்து நீரைக் கெடுப்பதை அயலார் மீதான குற்றமென்று பிளாக்ஸ்டன் 18-ம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்ததை நீதிபதிகள் எடுத்துக்காட்டினர். அதற்கு மேலும் சென்றனர். விஞ்ஞான நிச்சயம் வரட்டும் என்று காத்திராமல் தீங்கைத் தடுக்கவேண்டும். தீங்கில்லை என்று ருசுப்படுத்தும் பொறுப்பு தொழில் செய்பவனுடையது. கெடுத்தவன் இழந்தவனுக்கு ஈடு கொடுப்பதோடு கெட்ட இயற்கையைச் சீராக்கும் செலவையும் ஏற்கவேண்டும் என்று விதித்தனர். ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, நஷ்ட ஈட்டை நிர்ணயிக்க ஓர் அதிகார சபையை அமைக்கும்படியும் மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டனர். குழாயைத் தேடி அலையும் வேலை குடியானவன் தலையிலிருந்து இறங்கிற்று.

பின்னர் நடந்தது யாது? அதிகார சபை 2001 மார்ச் 7-லும், பின்னர் 2009 ஆகஸ்டு 24-லும் ஈட்டுத் தொகையைத் தீர்மானித்தது. அத்தொகை உரியவருக்கு முற்றும் சேராமையால் விவகாரம் மறுபடியும் டில்லி சென்றது. 2025-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி நீதிபதிகள் பார்திவாலாவும் மகாதேவனும், எஞ்சியிருக்கும் குடும்பங்களுக்கு ஆறு வாரத்துக்குள் சர்க்கார் பணம் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளவேண்டும் என்று கட்டளையிட்டனர். சேதம் நீங்கும்வரை கெடுத்தவன் பொறுப்பு நீங்காது என்றும் கூறி, மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற ஹைக்கோர்ட் நீதிபதியின் தலைமையில் கமிட்டி ஒன்றையும் அமைக்கச் சொன்னார்கள். மனுச் செய்ததிலிருந்து 34 வருஷம்! ஒரு பாத்தியதை பிறப்பதற்கு 20 வருஷம் போதும். பறிபோன உரிமைக்கு ஈடு கிடைக்க 34 வருஷமும் போதவில்லை என்றால், காலம் யார் பக்கம் வேலை செய்கிறது என்று சொல்லவும் வேண்டுமோ?

தோல் தொழிலை மூடிவிடு என்பது நம் கட்சியன்று. அத்தொழிலை நம்பி உண்ணும் கைகள் பல. அவற்றுள் கிணறு கெட்டுக் கழனியை விட்டு ஆலைக்குப் போன கைகளும் உண்டு. அத்தொழிலாளி ஆலை வாயிலில் கூலி வாங்கி, வீட்டு வாயிலில் குடிநீருக்கு விலை கொடுக்கிறான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தது நன்மையே. ஆயினும் சுத்திகரிப்பின் செலவைத் தொழிலின் செலவாக எழுதவேண்டுமேயன்றி, அயலான் கிணற்றின்மேல் பற்று எழுதலாகாது. வெளிநாட்டான் மலிவாகப் பாதரட்சை அணியும்பொருட்டு நம் நிலம் பாரம் சுமக்கவேண்டும் என்று எந்தப் பத்திரத்தில் நாம் கையெழுத்திட்டோம்?

ஆகவே பொதுக்காரியத்தில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் பாலாற்றைப் பாடி அழுவது எளிது. கிராமத்துக்குக் கிராமம் சென்று, ஈடு பெற்றவர் யார், பெறாதவர் யார், இறந்தவருக்கு வாரிசு யார் என்று ஜாபிதா எழுதுங்கள். கிணறுகளின் நீரைப் பருவந்தோறும் பரீட்சை செய்வித்துத் தேதியோடு பதிந்து வையுங்கள். கழிவு ஓடும் நாளும் நேரமும் குறித்து மனுக் கொடுத்து, அதற்கு ரசீது வாங்குங்கள். நெடுங்கால அனுபோகத்தைச் சட்டம் மதிப்பதற்குக் காரணம் ஒன்றே: இழந்தவன் வாய் திறக்கவில்லை என்பது. அந்த மௌனத்தை நாம் கொடாதிருப்போமாக. பிதா விட்டுச்சென்ற நிலத்தோடு பாரமும் மகனைச் சேரும் என்பது சட்டம்; எந்தப் பாரத்தைச் சேரவிடுவது என்பதோ இன்றைய தலைமுறையின் கையில் இருக்கிறது.