வௌவால்கள் இரை தேடும் நிலம்

அந்தி மயங்கியபின் கழனிகளின் மேல் பறந்து திரியும் வௌவாலை, திசையின்றி இருளில் அலையும் பிராணி என்றே நம்மில் அநேகர் எண்ணிவருகிறோம். ஆனால் எந்த வயலில் தாழ்ந்து பறப்பது, எந்த வரப்பை ஒட்டிச் செல்வது, எந்த மரத்தை நாடுவது என்பதில் அது காட்டும் விவேகம், தன் நிலத்தின் மேடு பள்ளம் அறிந்த உழவனுடைய விவேகத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சூழ்ந்த பிரதேசம் இதை ஆராய மிகவும் ஏற்றது. ஒருபுறம் அருணாசலத்தின் பாறை இடுக்குகளும், அடிவாரத்தில் பாலி தீர்த்தமும், தெற்கே சமுத்திரம் ஏரியும், சுற்றுவட்டாரத்தில் நெல்லும் நிலக்கடலையும் விளையும் வயல்களும் இருப்பதால், ஒடுங்க இடம், அருந்த நீர், உண்ண ஆகாரம் ஆகிய மூன்றும் ஒரே இரவின் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆசிரமத்தின் முகப்பில் நிற்கும் பழைய இலுப்பையைத் தரிசனத்துக்கு வரும் அன்பர்கள் அறிவார்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் இலுப்பை பூக்கும்போது, சதைப்பற்றும் இனிப்பும் மிகுந்த அதன் வெண்ணிற அல்லிவட்டத்தைத் தேடிப் பழந்தின்னி வௌவால்கள் வருவதையும், அவை அல்லியை மட்டும் கவர்ந்து சூலகத்தை விட்டுவிடுவதால் மகரந்தச் சேர்க்கை இனிது நிகழ்வதையும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்து 2009இல் வெளியிட்டிருக்கிறார்கள். இலுப்பைக் கனியின் விதையைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுகிறவையும் இவையே. ஆகவே, இலுப்பைத் தோப்பை வெட்டிவிட்டு வௌவால் வரவில்லையே என்று கேட்பதில் அர்த்தமில்லை.

இந்தியாவிலுள்ள ஏறத்தாழ 130 வௌவால் இனங்களில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. இவை எங்கே இரை தேடும் என்பதைச் சிறகின் அமைப்பே பெரிதும் நிர்ணயிக்கிறது. நீண்டு ஒடுங்கிய சிறகுடையவை பரந்த வயல்வெளியின் மேல் உயரத்தில் விரைந்து பறந்து வேட்டையாடுகின்றன. குட்டையாகவும் அகலமாகவும் சிறகுடையவையோ, மெதுவாகத் திரும்பி வளைந்து, இலையிலும் தரையிலும் அமர்ந்திருக்கும் பூச்சியைப் பற்றும் ஆற்றலுடையவையாதலால், மரங்களையும் வேலிகளையும் நீரோடைக் கரைகளையும் விட்டு வெகுதூரம் வெட்டவெளிக்குப் போவதில்லை. தெருவிளக்கைச் சுற்றும் பூச்சிகளுக்காகச் சில இனங்கள் வெளிச்சத்தை நாடும்; மெதுவாகப் பறப்பவை அதற்கு அஞ்சி விலகும்.

இந்த வேற்றுமையின் விளைவு ஆனைமலையிலுள்ள வால்பாறையில் தெளிவாகப் புலப்பட்டது. காட்டு மரங்களின் நிழலில் காபி வளர்க்கும் தோட்டங்களிலும், எஞ்சி நிற்கும் சோலைத் துண்டுகளிலும், பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு நிகரான வகையில் வெவ்வேறு வாழ்க்கைமுறை கொண்ட வௌவால்கள் காணப்பட, தேயிலைத் தோட்டங்களிலோ அந்த வளம் மிகவும் குன்றிப்போயிருந்தது என்று 2017இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. பழம் உண்பவையும், உருவிற் பெரியவையும், குட்டை அகலச் சிறகுடையவையுமே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. அதே தேயிலைப் பரப்பினூடே ஓடும் ஆற்றின் இருகரையிலும் மரங்களை விட்டுவைத்த இடங்களில் இந்த நஷ்டம் பெருமளவு தணிந்திருந்தது என்பதே என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி. ஏனெனில், அது நம் ஏரிக்கரைக்கும் ஓடைக்கரைக்கும் அப்படியே பொருந்தக்கூடியது.

வௌவால்கள் உழவருக்குச் செய்யும் உபகாரமும் அற்பமன்று. தாய்லாந்தில் ஒரே ஒரு வௌவால் இனம், புகையானுக்கு நெருங்கிய உறவான வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தின்பதன் மூலம், ஆண்டுதோறும் சுமார் 2,900 டன் நெல் இழப்பைத் தடுப்பதாக 2014இல் மதிப்பிட்டார்கள். நம் நாட்டிலோ, 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னிகளை எலியோடும் காக்கையோடும் சேர்த்து, யாரும் கொல்லலாம் என்ற பட்டியலில் வைத்திருந்தது. அந்தப் பட்டியலே 2022ஆம் வருஷத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. இது மிகவும் காலங்கடந்து வந்த நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

கொய்யாவும் மாவும் பறிபோகின்றன என்ற தோட்டக்காரரின் முறையீட்டில் உண்மையுண்டு. பழுக்கும் பருவத்தில் மட்டும் மரத்தின்மேல் வலையை, பிராணிகள் சிக்கிக்கொள்ளாதபடி இறுக்கமாகப் போர்த்தினால் சேதம் குறையும். மற்றபடி, கிரிவலப் பாதையை அடுத்த கிராமங்களின் உழவர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: வரப்பிலுள்ள பனையையும், கிணற்றடி வேம்பையும், ஏரிக்கரைப் புளியையும், எங்கேனும் மிஞ்சியிருக்கும் இலுப்பையையும் வெட்டாதீர்கள், இடையிடையே அற்றுப்போன மரவரிசையில் இந்த ஐப்பசி மழைக்கே புதுக் கன்றுகளை நட்டுவையுங்கள்.