முள் சிவப்புக்குப் போகுதா? பழைய 800-ஐ வீட்டிலேயே சரி பண்ணுவோம்!

வீட்டு ஷெட்ல பழைய மாருதி 800 ஒண்ணு தூசி படிஞ்சு நிக்குதா? "ஹீட் ஆகுது, இனி தேறாது"ன்னு சொல்லி, பழைய இரும்புக்காரர்கிட்ட விலை பேச ஆரம்பிச்சுட்டாங்களா? ஒரு வாரம் டைம் கேளுங்க. ஹீட் ஆகுற வண்டியெல்லாம் செத்த வண்டி இல்லை. பெரும்பாலும் ஒரு சின்ன பாகம்தான் வேலை செய்யாம இருக்கும். எதுன்னு கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் பொறுமை வேணும்.

1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 வரை தயாரிக்கப்பட்ட கார் இது. 796 சிசி, மூன்று சிலிண்டர். பானெட்டைத் திறந்தா எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கத்துக்கிறதுக்கு இதைவிட நல்ல லேப் நம்ம காலேஜ்லயே கிடையாது.

குக்கர் தத்துவம்

எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசா சக்கரத்துக்குப் போறதில்லை. ஒரு பெரிய பங்கு சைலன்சர் வழியா வெளியேறும். இன்னொரு பெரிய பங்கை கூலன்ட் சுமந்துட்டு வந்து ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கணும். வாட்டர் பம்ப் அதைச் சுற்ற வைக்குது. என்ஜின் சூடாகும் வரை தெர்மோஸ்டாட் பாதையை மூடி வைக்குது. வண்டி நிக்கும்போது காற்றை ஃபேன் இழுக்குது.

இதில் எல்லாரும் மறக்கிற ஆள் ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி இல்லை, குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். அந்த அழுத்தத்தில் சாதா தண்ணிகூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா 100 டிகிரியிலேயே கொதிச்சு வெளியே தள்ளிடும். அதனால முதல்ல மூடியைப் பாருங்க. ஆனா என்ஜின் சூடா இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது. விசில் அடங்காத குக்கரைத் திறந்தா என்ன ஆகும்னு உங்க அம்மாகிட்ட கேளுங்க.

எப்போ ஹீட் ஆகுது?

ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்குப் பதில் தேடுங்க. பாதி வேலை முடிஞ்சிடும்.

• சிக்னலில் நின்னா ஏறுது, ஓடினா இறங்குது: ஃபேன் பக்கம் கோளாறு. முதல்ல ஃபியூஸைப் பாருங்க. கார்புரேட்டர் மாடலில் தெர்மோ ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றி, சாவியை மட்டும் ஆன் பண்ணி, ரெண்டு முனையையும் ஒரு ஒயரால் இணைச்சுப் பாருங்க. ஃபேன் சுத்தினா ஸ்விட்ச் போச்சு. சுத்தலைன்னா மோட்டாரையும் ஒயரிங்கையும் பாருங்க. கையை ஃபேன்கிட்ட கொண்டு போகாதீங்க.

• ஹைவேயில் வேகமா போனா ஏறுது: ரேடியேட்டர் அடைப்பு, அல்லது வாட்டர் பம்ப்.

• கிளம்பின சில நிமிஷத்திலேயே ஏறுது, ஆனா ரேடியேட்டர் பக்கம் போற ஹோஸ் சில்லுனு இருக்கு: தெர்மோஸ்டாட் திறக்கவே இல்லை.

• கூலன்ட் குறையுது, ஒழுகலும் தெரியலை: ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகப்படுங்க. குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணினா தொடர்ந்து குமிழி வருதா? ஆயில் மூடிக்கு அடியில் பால் ஆடை மாதிரி படிஞ்சிருக்கா? சைலன்சரில் விடாம வெள்ளைப் புகை வருதா?

தெர்மோஸ்டாட்டை அடுப்படியிலேயே சோதிக்கலாம். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாம தண்ணியில் தொங்கவிட்டுச் சூடாக்குங்க. அதன் மேலேயே பொறிச்சிருக்கிற டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்கணும். திறக்கலைன்னா புதுசு வாங்குங்க. "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடு தம்பி, ஹீட்டே ஆகாது"ன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. என்ஜின் சரியான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் எடுக்கும், பெட்ரோல் கூட குடிக்கும், தேய்மானமும் அதிகமாகும்.

போர் தண்ணி வேண்டாம்

பழைய ரேடியேட்டர்களைக் கொல்றது பெரும்பாலும் நாம ஊத்துற போர் தண்ணிதான். வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையா உப்பு படியுதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கீழ் ஹோஸைக் கழற்றி எல்லாத்தையும் வடிச்சுட்டு, தோட்டத்துக் குழாயை வெச்சு வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் தண்ணி விடுங்க. துருத் தண்ணி தெளியும் வரை விடணும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. ரெடிமிக்ஸ் வாங்கினா தண்ணியே சேர்க்க வேண்டாம். அமுக்கினா நொறுங்குற மாதிரி இருக்கிற ஹோஸையும், துருப்பிடிச்ச கிளிப்பையும் இப்பவே மாத்திடுங்க.

கடைசியா, மூடியைத் திறந்து வெச்சு என்ஜினை ஐடிலில் ஓடவிடுங்க. ஹீட்டர் இருந்தா முழுசா திறந்துடுங்க. உள்ளே மாட்டின காற்று குமிழியா வெளியேறும், மட்டம் இறங்கும், நிரப்பி மூடுங்க. வடிச்ச பழைய கூலன்ட்டைத் தரையில் விடாதீங்க. அது இனிக்கும், ஆனா விஷம். தெரு நாய் நக்கினாலே போதும், உயிர் போயிடும்.

நாங்க செஞ்ச தப்பு

எங்க வீட்டு 800-இல் முள் ஒருநாள் சிவப்பைத் தொட்டுச்சு. வீடு கிட்டத்தானே, ஓட்டிடலாம்னு நினைச்சோம். கொஞ்ச தூரத்தில் முள் தானாவே இறங்குச்சு. சரியாயிடுச்சுன்னு சந்தோஷமா ஓட்டினோம். உண்மையில் கிளிப் நழுவி கூலன்ட் மொத்தமும் கொட்டியிருந்தது. சென்சாரைத் தொட்டுக்கிட்டு திரவமே இல்லாததால்தான் முள் இறங்கியிருக்கு. அலுமினிய ஹெட் வளைஞ்சு போச்சு. அனுமதிக்கிற வளைவு 0.05 மி.மீ.தான். லேத்தில் ஃபேசிங், புது கேஸ்கெட், ஒரு மாசம் வண்டி இல்லை. சில ரூபாய் கிளிப்புக்குக் கொடுத்த விலை அது.

அதனால முள் ஏறினா ஏசியை அணைங்க, ஓரமா நிறுத்துங்க, என்ஜினை ஆஃப் பண்ணுங்க. பச்சைத் தண்ணியை மேலே ஊத்தாதீங்க. முழுசா ஆறட்டும்.

பெயின்ட், சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் அப்புறம். முதல்ல கூலிங், அடுத்து பிரேக், அதுக்கப்புறம்தான் அழகு. ட்ராஃபிக்கில் அரை மணி நேரம் நின்னும் முள் பாதியைத் தாண்டாத அன்னிக்கு, அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைங்க. இரும்புக்காரரை அவரே திருப்பி அனுப்பிடுவார்.